கீழ்க்கால்ல ராடு வச்சு 13 நாள் ஆச்சு, காலைத் தொங்கப் போட்டா ஊதா கலர் ஆகுது, இது நார்மலா?

மாடிவீடு38:

வணக்கம். வயசு 38, திண்டுக்கல். பைபாஸ்ல வண்டில வரும்போது நாய் குறுக்க பாஞ்சிருச்சு, ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்பிச்சுது, வலது கால் முட்டிக்குக் கீழ ரெண்டு எலும்பும் போச்சு. மறுநாளே ஆபரேஷன். பெரிய எலும்புக்குள்ள ராடு விட்டு மேலயும் கீழயும் ஸ்க்ரூ போட்டிருக்காங்க, சின்ன எலும்ப அப்படியே விட்டுட்டாங்க, அது தானா சேந்துக்கும்னாங்க. அஞ்சாவது நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. 6 வாரத்துக்கு காலைக் கீழ ஊனவே கூடாது, வாக்கர் வச்சு இடது கால்ல மட்டும் நடங்க, 14ஆம் நாள் தையலுக்குப் போட்ட பின்ன எடுக்க வாங்கன்னு சொன்னாங்க, அவ்ளோதான். மத்த சந்தேகம் எல்லாம் வீட்டுக்கு வந்தப்புறம்தானே வருது.

முக்கியமான கேள்வி, கட்டில்ல காலை நீட்டி வச்சிருக்க வரைக்கும் நல்லா இருக்கு. சாப்பிட உக்காந்து காலைத் தொங்கப் போட்டா ரெண்டு நிமிஷத்துல பாதம் செவந்து அப்புறம் ஊதா கலருக்குப் போயிருது, விரலெல்லாம் நாவப்பழம் மாதிரி இருக்கு, உள்ள யாரோ தண்ணி ஊத்துற மாதிரி கனமா இருக்கு. திரும்ப மேல தூக்கி வச்சா கொஞ்ச நேரத்துல சரியாயிருது. இது ரத்த ஓட்டப் பிரச்சனையா? அம்மா இதப் பாத்துட்டு ஒரே அழுகை.

இன்னொண்ணு, உடைஞ்சது கெண்டைக்காலுக்கு நேரா நடுவுல. ஆனா வலிக்கிறது முட்டிச் சில்லுக்குக் கீழ. முட்டியும் உடைஞ்சு அதக் கவனிக்காம விட்டுட்டாங்களோன்னு ராத்திரியெல்லாம் யோசனை.

வீடு முதல் மாடி, வாடகை வீடு, இந்தியன் டாய்லெட். நடுவுல ஓட்டை வச்ச பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கோம், ஆனா அதுல உக்கார எந்திரிக்க ஒருத்தர் பிடிக்கணும். பகல்ல அம்மா இருக்காங்க, அவங்களுக்கே 68 வயசு, மூட்டு வலி. ராத்திரி வீட்டுக்காரி. அவ காலைல 8 மணிக்கு வேலைக்குப் போகணும், அவள எழுப்ப மனசு வரல, அதனால சாயங்காலம் 5 மணிக்கு மேல தண்ணி குடிக்கிறத நிறுத்திட்டேன், ராத்திரிச் சாப்பாடும் ரெண்டு இட்லியோட சரி. வெளிக்குப் போயி இன்னியோட நாலு நாள்.

தாய்மாமா புத்தூர்ல கட்டுக் கட்டலாம் வான்னு தினமும் போன் பண்றாரு. கத்திரிக்கா சாப்பிட்டா சீழ் பிடிக்கும்னு அம்மா சொல்றாங்க. யாராச்சும் இதே ஆபரேஷன் பண்ணவங்க இருந்தா சொல்லுங்க. தூக்கம் வேற இல்ல, நேத்து டிவி சவுண்டுக்காகப் பையன அடிக்கப் போயிட்டேன், அப்புறம் எனக்கே அசிங்கமா போச்சு.

---

கோயமுத்தூர்_அக்கா:

தம்பி, எனக்கு 2019ல கணுக்கால் ஒடஞ்சு பிளேட்டு வெச்சாங்க, வாசல்ல கோலம் போட்டுட்டு திரும்பறப்ப வழுக்கி விட்ருச்சு. ஒங்க கலர் மேட்டர் எனக்கும் அப்படியேதானுங்க இருந்துச்சு, ரெண்டு மாசத்துக்கு மேல இருந்து தானா கொறஞ்சுது. டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டிக்குங்க, நாளைக்கு பின் எடுக்கத்தான போறீங்க.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. கலரு, கத்திரிக்காய்க்கு எல்லாம் கேள்வி கேட்டிருக்கீங்க, நடுவுல போற போக்குல தண்ணி குடிக்கிறத நிறுத்திட்டேன்னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, எனக்கு அதுதான் பக்குனு இருக்குது. வலி மாத்திரையில சிலது வயித்தக் கட்டும், அதுலயும் டிரமடால் இருந்தா கேக்கவே வேண்டாம். படுத்தே கெடக்கறது இன்னொரு காரணம். அதுக்கு மேல தண்ணியவும் நிறுத்துனா நாலு நாள் என்ன, எட்டு நாளுக்கும் வராது, அப்புறம் அந்த ஸ்டூல்ல உக்காந்து ஒத்தக் கால தூக்கிட்டு முக்குறது இருக்குதே, ஆபரேஷன் வலி பரவால்லன்னு ஆயிரும். நான் அனுபவிச்சவ.

நாளைக்கே ஒரு யூரின் கேன் வாங்குங்க. ஆம்பளைங்களுக்கு கழுத்து வளைஞ்ச மாதிரி பிளாஸ்டிக்ல மூடியோட எந்த சர்ஜிகல் கடையிலயும் இருக்கும், வெல ஒண்ணும் பெருசில்ல. கட்டில் பக்கத்துல மாட்டிக்கிட்டா ராத்திரி எந்திரிக்கவே வேண்டாம், யாரையும் எழுப்ப வேண்டாம், காலைல கொட்டிக் கழுவிக்கலாம். இத ஆசுபத்திரியிலயே சொல்லி அனுப்பிருக்கணும். பொம்பளைங்களுக்கு அந்த வசதி இல்லாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கை வெச்ச கமோடு சேர் வாடகைக்குக் கெடைக்கும், அதுவும் எடுத்துருங்க, கைப்பிடிய அமுத்தி நீங்களே எந்திரிச்சுக்கலாம், அம்மா பிடிக்கத் தேவையில்ல. அவங்க பிடிக்கப் போயி அவங்களும் விழுந்தா ஊட்ல ரெண்டு வாக்கர் ஆயிரும்.

பப்பாளி, கொய்யா, கீரை, ராத்திரி வெதுவெதுப்பான தண்ணில இசப்கோல். அதுக்கும் வரலைன்னா டாக்டர்கிட்ட கேட்டு சிரப் வாங்குங்க, வெக்கப்படாதீங்க.

கத்திரிக்காய்க்கும் சீழுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா அம்மா மனசுக்காக ரெண்டு மாசம் விட்டுருங்களேன், கத்திரிக்காய் திங்காம யாரும் எளச்சுப் போகல.

---

பிசியோ_மதுரை:

சார், நான் பிசியோதெரபிஸ்ட், மதுரைல கிளினிக். உங்க காலைப் பாக்காம முழுசா சொல்ல முடியாது, பொதுவா சொல்றேன்.

கால்ல இருந்து ரத்தம் மேல ஏறணும்னா கெண்டைச் சதை சுருங்கி விரியணும், நடக்கும்போது அதுதான் பம்பு மாதிரி வேலை செய்யும். இப்ப அந்த பம்பு ஆஃப். தொங்கப் போட்டா ரத்தம் கீழ தேங்குது, ஊதா ஆகுது. தூக்குனா கலர் திரும்புதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அது நல்ல அறிகுறி. பெருவிரல் நகத்த அமுக்கி விடுங்க, வெளுத்துட்டு ரெண்டு செகண்டுல திரும்ப ரோஸ் ஆகணும். விரல் அசையணும், தொட்டா தெரியணும்.

எது நார்மல் இல்லன்னா, தூக்கி வச்சும் வீக்கம் வடியாம கெண்டைச் சதை மட்டும் திடீர்னு பெருத்து, சூடா, அமுக்குனா உயிர் போற மாதிரி வலிச்சா ரத்தக்கட்டியா இருக்கலாம், அன்னைக்கே ஸ்கேன் பாக்கணும். மூச்சு வாங்குது, நெஞ்சு குத்துதுன்னா யோசிக்காம 108. மாத்திரைக்கே அடங்காம வலி கூடிக்கிட்டே போயி கால் கல்லு மாதிரி இறுகி விரல் மரத்துப் போனாலும் அப்படித்தான், உடனே போங்க. காய்ச்சல், தையல்ல இருந்து நீரோ சீழோ வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. ரத்தம் உறையாம இருக்க வயித்துல போடுற ஊசியோ மாத்திரையோ குடுத்திருந்தா ஒருநாள்கூட விடாதீங்க, வலி இல்லைன்னு நிறுத்துறவங்க நிறையப் பேரு. அக்கா சொன்ன தண்ணி விஷயம் இதுக்கும் சேத்துதான், உடம்புல தண்ணி குறைஞ்சா ரத்தம் கட்டவும் வாய்ப்பு கூடும்.

முட்டி வலிக்கு வருவோம். அந்த ராட எங்க இருந்து உள்ள விட்டாங்கன்னு நினைக்கிறீங்க? உடைஞ்ச இடத்துல இல்ல. பெரும்பாலும் முட்டிச் சில்லுக்குக் கீழ சின்னதா திறந்து எலும்போட உச்சில துளை போட்டு மேல இருந்து கீழ இறக்குவாங்க. அங்க ஒரு தையல் இருக்கும் பாருங்க. இந்த ஆபரேஷன் பண்ணவங்கள்ல ரொம்பப் பேருக்கு முட்டி முன்பக்க வலி இருக்கும், மண்டி போட்டா ரொம்ப நாளைக்குத் தெரியும்.

இப்ப செய்ய வேண்டியது. தலையணை வைக்கிற முறைலதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க, முட்டிக்கு அடியில மட்டும் ஒரு தலையணையச் சொருகிட்டுப் படுப்பாங்க, இதமா இருக்கும், ஆனா 6 வாரம் கழிச்சு முட்டி முழுசா நீளாது. கெண்டைக்காலுக்கு அடியில நீளவாக்குல ரெண்டு தலையணை, குதிகால் மட்டும் வெளிய அந்தரத்துல நிக்கணும், இல்லைன்னா குதிகால்ல புண்ணு வரும். கால் நெஞ்சு மட்டத்துக்கு மேல இருக்கணும், நாலு தலையணை முதுகுக்கு வச்சு உக்காந்துக்கிட்டு ஒண்ணு காலுக்கு வச்சா வீக்கம் எப்படி வடியும்.

முழிச்சிருக்கும்போது மணிக்கு ஒருதடவ பாதத்த மேலயும் கீழயும் 20 தடவ ஆட்டுங்க. முட்டிய மெத்தைல அமுத்தி அஞ்சு எண்ணி விடுங்க, 10 தடவ. ரொம்ப முக்கியமானது, ஒரு துண்ட உள்ளங்கால்ல குடுத்து ரெண்டு முனையயும் கையால புடிச்சு மெதுவா உங்க பக்கம் இழுங்க. ஊனாத கால் தானா முன்பக்கம் சாஞ்சு விறைச்சுக்கும், ஆறாவது வாரம் ஊனச் சொல்லும்போது குதிகால் தரையில படாது, அதச் சரி பண்ண எங்ககிட்ட வந்து அழுவாங்க. முட்டி மடக்க குதிகாலுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் கவரப் போட்டு பெட்ல இழுத்து இழுத்து மடக்குங்க, வழுக்கிட்டுப் போகும். இதெல்லாம் செய்யலாமான்னு நாளைக்கு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

புத்தூர் மேட்டர். உள்ள ராடு ஸ்க்ரூவோட நேரா நிக்கிற எலும்ப மேல இருந்து இழுத்துக் கட்ட அங்க ஒண்ணும் இல்ல. எண்ணெய் போட்டுக் கெண்டைய நீவுறது அதவிட ஆபத்து, உள்ள கட்டி ஏதாச்சும் இருந்தா நகந்து நுரையீரலுக்குப் போகும். மாமாகிட்ட டாக்டர் கையக் கட்டிப் போட்டுட்டாருன்னு சொல்லிருங்க.

---

பழைய_டிரைவர்:

இவ்ளோ பயப்பட வேணாம் தலைவா. எனக்கும் இதே ராடுதான், 20 நாள்லயே ஊனி நடந்தேன், லாரியே ஓட்டுறேன் இப்ப. படுத்தே கெடந்தா கால் சூம்பிப் போயிரும். இவங்க சும்மா பயமுறுத்துவாங்க. ஆட்டுக்கால் சூப்பு, பிரண்டைத் துவையல், நல்லா சாப்ட்டு எந்திரிச்சு நட.

---

பிசியோ_மதுரை:

டிரைவர் அண்ணே, நீங்க சொல்றது முழுத் தப்பு இல்ல, அதனாலதான் பதில் போடுறேன். குறுக்க சுத்தமா உடைஞ்சு ரெண்டு முனையும் ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்திருந்தா சில டாக்டர்கள் சீக்கிரமே கொஞ்சம் கொஞ்சமா ஊன விடுவாங்க, எலும்புக்கும் அது நல்லது. அதே எலும்பு நாலஞ்சு துண்டா நொறுங்கியிருந்தா மொத்த எடையும் ராடும் அந்தச் சின்ன ஸ்க்ரூவும்தான் தாங்கும், ஸ்க்ரூ முறிஞ்சு திரும்பத் திறந்தவங்கள நான் பாத்திருக்கேன். உங்க எக்ஸ்ரே வேற, இவரு எக்ஸ்ரே வேற. அவரோட எக்ஸ்ரேயப் பாத்தவரு 6 வாரம்னு சொல்லிருக்காரு. எலும்பு முழுசா கூட நாலஞ்சு மாசம் ஆகும், சிலருக்கு அதுக்கும் மேல. பீடி சிகரெட் இருந்தா இன்னும் இழுக்கும், சுகர் கட்டுப்பாட்டுல இல்லைனாலும் அப்படித்தான்.

சூப்பு தாராளமா குடிக்கலாம், ருசிக்கு. எலும்பு கூட முட்டை, பால், மீன், பயறு, கேழ்வரகுன்னு தினம் புரதமும் கால்சியமும் போகணும். ரெண்டு இட்லிலாம் பத்தாது சார். கால்சியம் மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் குடுத்திருந்தா ரெண்டையும் ஒண்ணா போடாதீங்க, ரெண்டு மணி நேரமாச்சும் இடைவெளி விடுங்க.

---

அவரோட_வீட்டுக்காரி:

நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவ இல்ல, பாத்துக்கிட்டவ. 2021ல எங்க வீட்டுக்காரருக்குத் தொடை எலும்பு. அவரும் உங்கள மாதிரியேதான், என்னைய எழுப்பக்கூடாதுன்னு. தண்ணி குடிக்காம இருந்து பாத்தாரு, முடியாம ஒருநாள் ராத்திரி மூணு மணிக்கு சத்தமில்லாம தானா எந்திரிச்சுப் போயிருக்காரு. பாத்ரூம் வாசல்ல கெடந்த ஈர மிதியடில வாக்கர் வழுக்கிருச்சு. தொபுக்குனு சத்தம் கேட்டு ஓடுறேன், மனுசன் தரையில உக்காந்து, ஒண்ணுமில்ல நீ போய்ப் படு, நாளைக்கு ஸ்கூல் இருக்குல்லங்கிறாரு. எக்ஸ்ரே எடுத்ததுல கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் ஆகல. ஆனா அதுக்கப்புறம் ஒரு மாசம் அவரு புரண்டு படுத்தாகூட நான் முழிச்சுக்குவேன். ரெண்டு நிமிஷம் எழுப்பி விட்டிருந்தா போயிருக்கும், ஒரு மாசத் தூக்கத்தக் கெடுத்தாரு. நீங்க பாவம் பாக்கிறதா நினைச்சுக்கிட்டு செய்றது எங்களுக்கு எவ்ளோ எரிச்சல் தெரியுமா. உங்க வீட்டுக்காரிகிட்டயே கேட்டுப் பாருங்க.

அப்புறம் நாங்க சைக்கிள் பெல் ஒண்ணு வாங்கி வாக்கர் கம்பில மாட்டிட்டோம். கூப்பிடக் கூச்சப்படுற ஆளுக்கு பெல் அடிக்கிறது ஈசியா இருந்துச்சு, கொஞ்ச நாள்ல காப்பிக்கெல்லாம் அடிக்க ஆரம்பிச்சுட்டாரு.

வாக்கர்ல ரெண்டு கையும் மாட்டிக்கும்ல, ஒரு டம்ளரக்கூட எடுத்துட்டு வர முடியாது. முன்கம்பில ஒரு மஞ்சப்பையக் கட்டிருங்க. போன், சார்ஜர், மாத்திரை, மூடி போட்ட தண்ணி பாட்டில், சின்ன பிளாஸ்க்குல காப்பி எல்லாம் அதுல போயிரும். கனமா மட்டும் போடாதீங்க, முன்னாடி சாயும். தரையில கெடக்கிற மிதியடி, கோரப்பாய் எல்லாத்தையும் சுருட்டி மேல போட்டுருங்க. குளிக்க கைப்பிடி வச்ச பிளாஸ்டிக் சேர், காலுக்குப் பெரிய பாலித்தீன் கவர், மேல செல்லோ டேப்.

டிஸ்சார்ஜுக்கு அப்புறம் வாங்குற மாத்திரை, எக்ஸ்ரே, பிசியோ பில்லு எல்லாத்தையும் டாக்டர் சீட்டோட எடுத்து வைங்க, இன்சூரன்ஸ் இருந்தா நிறையப் பாலிசில 60 நாள் வரைக்கும் கிளைம் இருக்கும். நாங்க மருந்துக்கடை பில்லத் தூக்கிப் போட்டுட்டு அப்புறம் முழிச்சோம்.

பையன்மேல கோவப்பட்டதுக்கு ரொம்பக் குத்தப்பட்டுக்காதீங்க. மூணாவது வாரம் எங்க வீட்லயும் இப்படித்தான். வந்து பாக்குறவங்க ஹார்லிக்ஸும் ஆப்பிளும் குடுத்துட்டு எப்படி விழுந்தீங்கன்னு கேப்பாங்க, நாப்பதாவது ஆளுக்கும் அதே கதைய முதல்ல இருந்து சொல்லணும், யாருக்கா இருந்தாலும் கிறுக்குப் பிடிக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் யாரையும் விடாதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லி வைங்க.

---

மாடிவீடு38:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பின் எடுத்தாச்சு, மொத்தம் 19 பின், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு, கணுக்கால்கிட்ட இருந்த ரெண்டு மட்டும் கண்ணுல தண்ணி வர வச்சிருச்சு. கலர் பத்தி டாக்டரும் பிசியோ சார் சொன்னதயேதான் சொன்னாரு, கெண்டைய அமுக்கிப் பாத்துட்டு பயப்பட ஒண்ணுமில்லன்னாரு. முட்டியும் அதேதான், ராடு எறக்குன வழி. டிரைவர் அண்ணே, ஊனலாமான்னும் கேட்டேன், எக்ஸ்ரேயத் தூக்கி வெளிச்சத்துல காட்டி மூணு துண்டு தெரியுதா எண்ணிக்கோன்னாரு. எண்ணிக்கிட்டேன்.

மாடில இருந்து எறங்குனதுதான் பெரிய கூத்து. வாக்கரோட படியில முடியாதுன்னு முன்னாடியே தெரியும், ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னைக்கு ரெண்டு பேரு சேரோட தூக்கிட்டு வந்தாங்க. இந்தத் தடவ தூக்க ஆள் இல்ல. உக்காந்துக்கிட்டே ஒவ்வொரு படியா, கைய ஊனி, இடது கால அமுத்தி, வலது கால அந்தரத்துல நீட்டிக்கிட்டே 17 படி. வீட்டுக்காரி முன்னாடி நின்னு காலைத் தாங்கிக்கிட்டா. கீழ் வீட்டுக்காரங்க எல்லாம் கதவத் தொறந்து வச்சுப் பாக்கிறாங்க, எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. திரும்பிப் பாத்தா எனக்குப் பின்னாடி எம் பையனும் ஒரு காலை நீட்டிக்கிட்டு உக்காந்து உக்காந்து எறங்கி வந்துக்கிட்டு இருக்கான். டிரவுசரெல்லாம் தூசி. ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சேன்.

யூரின் கேன் வாங்கியாச்சு. அக்கா, உங்களுக்குத் தனியா ஒரு கும்பிடு. ஆனா தண்ணி குடிக்காம இருந்தத வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், அதுக்கு அவ பேசுன பேச்ச இங்க எழுத முடியாது. வயிறு நேத்து சரியாச்சு, பப்பாளியா இசப்கோலான்னு தெரியல. பெல்லு மட்டும் இன்னும் வாங்கல, இப்போதைக்கு சாமி மணி தலைமாட்டுல இருக்கு, நேத்து ராத்திரி ஒருதடவ அடிச்சேன், அம்மா எந்திரிச்சு வந்து கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

ஒரே ஒரு சந்தேகம், வாக்கர் பழசு, சொந்தக்காரங்க வீட்ல இருந்து வந்தது. கீழ ரப்பர் புஷ் ஒரு பக்கம் தேஞ்சு வழுக்குது, அது மட்டும் தனியா கெடைக்குமா? உள்ளங்கையும் காந்துது.

---

பிசியோ_மதுரை:

கெடைக்கும் சார், சர்ஜிகல் கடையிலயே இருக்கும். கம்பியோட அடி விட்டத்த ஸ்கேல் வச்சு அளந்துட்டு ஆள அனுப்புங்க, சைஸ் வேற வேற உண்டு. ஒண்ணு மட்டும் மாத்தாதீங்க, நாலையும் மாத்துங்க, இல்லைன்னா ஆடும். புது புஷ் வர்ற வரைக்கும் அந்த வாக்கர்ல பாத்ரூம் பக்கம் போக வேணாம்.

கை காந்துறதுக்கு உயரத்தப் பாருங்க. நேரா நின்னு கையத் தொங்க விட்டா வாக்கர் கைப்பிடி உங்க மணிக்கட்டு மட்டத்துக்கு வரணும். சொந்தக்காரர் உங்கள விடக் குள்ளமா?

---

மாடிவீடு38:

அரை அடி குள்ளம் சார் 😄 பட்டனத் தேடிட்டு இருக்கேன், துரு ஏறி இருக்கு, பையன்கிட்ட தேங்கா எண்ணெய் கேட்டிருக்கேன்.